அசைவைப் படித்த பிறகே ஸ்கேன்: விளையாட்டு மருத்துவம் படிப்பவர்களுக்கு ஒரு பயிற்சி முறை

விளையாட்டு மருத்துவத்துக்கு வரும் மாணவர்களில் பலர் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார்கள். "சுப்ராஸ்பைனேட்டஸ் டெண்டனில் பகுதிக் கிழிசல்" என்று, அதாவது கையைத் தூக்க உதவும் ஒரு தோள் தசையின் நாண் ஓரளவு கிழிந்திருக்கிறது என்று, ஒரு வரி கண்ணில் பட்டதும் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தோளில் எந்த வலியும் இல்லாத ஐம்பது, அறுபது வயதுக்காரர்களை வரிசையாக ஸ்கேன் செய்தாலும் அவர்களில் கணிசமானோருக்கு இதே வரி வரும். படத்தில் ஒரு கிழிசல் இருக்கிறது என்பது ஒரு செய்தி. இந்த ஆளின் இந்த அசைவில் வலிப்பது அதனால்தானா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிய வேண்டுமானால் படிக்கும் வரிசை மாற வேண்டும். முதலில் அசைவு, பிறகு விரலால் தொட்டறிதல், பிறகு வரைதல், கடைசியாகத்தான் படம்.

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்த ராமநாதபுரம் கடலோரத்தில் பிசியோதெரபியோ எம்பிபிஎஸ்ஸோ படிப்பவர்களுக்கும், பள்ளி, கிளப் அணிகளைக் கவனிக்கும் பயிற்சியாளர்களுக்கும் எழுதியது இது. அசைவைப் படிக்க இங்கே ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. கரைவலை இழுப்பவர்கள், மணலில் ஓடுபவர்கள், ஊர்த் திடலில் கபடி ஆடுபவர்கள், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீந்தத் தயாராகிறவர்கள் என எல்லோரும் கண்ணெதிரே இருக்கிறார்கள். ஒரு மூட்டுக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தோள், கணுக்கால், முழங்கால் என்ற வரிசை நல்லது. முழங்கால் எம்ஆர்ஐயைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே படத்தின் கவர்ச்சி அதிகம். தொட்டறியும் பழக்கம் கைக்கு வராமல் அதில் நுழைந்தால் பிறகு அது வரவே வராது.

தேவையான பொருட்கள்

எலும்பு மாதிரிகளில் முழுக் கூடு வேண்டாம். ஸ்கேபுலா (தோள்பட்டை எலும்பு), ஹியூமரஸ் (மேற்கை எலும்பு), ஃபீமர் (தொடை எலும்பு), டிபியா, ஃபிபுலா (கீழ்க்காலின் உள், வெளி எலும்புகள்), கோர்த்த பாத எலும்புகள், எல்லாம் ஒரே பக்கத்துடையவை, போதும். மூட்டின் கோணத்தை அளக்க 30 செ.மீ. பிளாஸ்டிக் கோனியோமீட்டர் ஒன்று. தோலில் குறிப்பதற்குப் புருவப் பென்சில். வியர்வைக்கு ஓரளவு தாங்கும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கோடு போடாத நோட்டு ஒன்று. லேப்டாப்பில் டைகாம் (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்புகளைத் திறக்கும் மென்பொருள்; இலவசமான வீசிஸ் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பார்த்துப் பழக ரேடியோபீடியா தளத்தில் அடுக்கடுக்காக உருட்டிப் பார்க்கக்கூடிய கேஸ்கள் நிறைய இருக்கின்றன.

போனில் ஸ்லோ மோஷன் வசதி அவசியம். வேகமாக ஓடுபவரின் பாதம் தரையில் இருப்பது ஏறத்தாழ 0.1 விநாடிதான். நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் அதற்கு 3 படம் கிடைக்கும். 240-ல் எடுத்தால் 24 கிடைக்கும். கணுக்கால் உள்நோக்கிச் சரிந்ததா, முழங்கால் எப்போது மடங்கியது என்பதெல்லாம் அந்த 24-ல்தான் தெரியும்.

அசைவைப் படம் பிடித்தல்

போனை ஆளிடமிருந்து 3 அல்லது 4 மீட்டர் தள்ளி, பார்க்கப்போகும் மூட்டின் உயரத்திலேயே, அசைவு நடக்கும் தளத்துக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். கையில் பிடிக்காதீர்கள், மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் சாய்த்து வைத்தாலும் சரி. கேமரா சாய்ந்தோ மேலிருந்தோ பார்த்தால் முழங்கால் கோணம் பத்து டிகிரி தப்பாகத் தெரியும், அதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

கடற்கரைக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ராமேஸ்வரத்தின் கிழக்குக் கரையில் காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். நீங்கள் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் ஆள் கறுப்பு நிழலாகத்தான் விழுவார். கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள். இரண்டாவது, கரையின் சரிவு. ஓரமாக ஓடும்போது கடல் பக்கக் கால் தாழ்விலும் கரைப் பக்கக் கால் மேட்டிலும் விழுகிறது. இடுப்பு ஒரு பக்கம் சாய்வதை 'பலவீனம்' என்று எழுதுவதற்கு முன், அதே ஆளைத் திரும்பி எதிர்த்திசையில் ஓடச் சொல்லி எடுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் அது கரையின் வேலை. மாறாமல் அதே பக்கம் நின்றால்தான் உடம்பின் வேலை. பொடிமணலில் பாதம் புதைந்து கணுக்கால் மறையும். அலை தொட்டு இறுகிய ஈரமணலில் எடுங்கள்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எந்த மூட்டு எந்தத் தளத்தில் அசைகிறது? அந்த நேரத்தில் எந்தத் தசை சுருங்குகிறது, எது இழுபட்டுக்கொண்டே தாங்குகிறது, எது நீளம் மாறாமல் பிடித்து நிற்கிறது? சுமை உச்சத்தில் இருக்கும்போது மூட்டு எத்தனை டிகிரியில் இருக்கிறது?

கரைவலையை வைத்துப் பழகுங்கள். கயிற்றைப் பிடித்து, குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்கிறார்கள். பார்ப்பவர்கள் 'கை வேலை' என்பார்கள். வீடியோவைப் பாருங்கள்: முழங்கை பெரும்பாலும் அசைவதில்லை. விரல் மடக்கும் தசைகள் நீளம் மாறாமல் பிடித்திருக்கின்றன. மேல்முதுகுத் தசைகளான ராம்பாய்டும் நடு ட்ரபீசியஸும் ஸ்கேபுலாவைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகின்றன. இழுவை வருவது தொடையின் முன்பக்க க்வாட்ரிசெப்ஸிலிருந்தும் பிட்டத்தின் குளூட்டியஸிலிருந்தும்தான். வலை கனத்து ஒரு அடி முன்னே இழுக்கும்போது அதே க்வாட்ரிசெப்ஸ் நீண்டுகொண்டே தாங்குகிறது. இழுப்பவர் முழங்கைக்கு வெளிப்பக்கம் வலிக்கிறது என்று சொன்னால் முழங்கை அசைவையே தேடிக்கொண்டிருக்காதீர்கள், பிடியைப் பாருங்கள். விரல்கள் இறுக மடங்கும்போதெல்லாம் மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்தும் எக்ஸ்டென்சர் தசைகள் வேலை செய்தே ஆக வேண்டும். அவை தொடங்கும் இடம் அந்த வெளிப்பக்க எலும்பு முனை.

தோள்

கையைப் பக்கவாட்டில் 180 டிகிரி தூக்கும்போது ஏறத்தாழ 120 டிகிரி ஹியூமரஸுக்கும் ஸ்கேபுலாவுக்கும் இடையிலுள்ள மூட்டில் நடக்கிறது; மிச்சம் 60 டிகிரி ஸ்கேபுலாவே மார்புக்கூட்டின் மேல் சுழல்வதால் வருகிறது. இந்த 2:1 கணக்கு மொத்தத்துக்கான சராசரி. முதல் 30 டிகிரியில் ஸ்கேபுலா அதிகம் நகராது. "முதல் 15 டிகிரி சுப்ராஸ்பைனேட்டஸ், அதன் பிறகு டெல்டாய்டு (தோளை வெளியே மூடும் தசை)" என்று இன்னும் சில நோட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. தசையின் மின்சாரத்தை அளந்து பார்த்தால் இரண்டும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வேலை செய்கின்றன. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டீரஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் நான்குக்கும் முக்கிய வேலை ஹியூமரஸின் தலையைக் குழியின் நடுவில் பிடித்து வைப்பது. பிடி தளர்ந்தால் டெல்டாய்டு அந்தத் தலையை மேல்நோக்கி, தோளுக்குக் கூரைபோல் நிற்கும் ஸ்கேபுலாவின் முனையான அக்ரோமியானில் இடிக்க வைக்கும்.

நீச்சலுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு எளிய பெருக்கல் போதும். 1966-ல் நீச்சல் வீரர் மிஹிர் சென் தலைமன்னார், தனுஷ்கோடி இடையே பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அப்படி ஒரு நீச்சலில் நிமிடத்துக்கு 60 வீச்சு என்று வைத்து 10 மணி நேரம் நீந்தினால் 36,000 வீச்சு. ஒரு தோளுக்கு 18,000. ஃப்ரீஸ்டைலில் மார்பின் பெக்டொராலிஸ் மேஜரும் முதுகின் லாட்டிசிமஸும் தண்ணீரை இழுக்கும் கட்டத்தில் மட்டும் உச்சத்துக்குப் போய் ஓய்வெடுக்கும். சப்ஸ்கேபுலாரிஸும், ஸ்கேபுலாவை மார்புக்கூட்டோடு பிடிக்கும் செர்ரேட்டஸ் ஆன்டீரியரும் வீச்சு முழுவதும் ஓயாது. முதலில் களைப்பது இவைதான். எனவே நீச்சல்காரரைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு தடவை, நீந்தி ஏறியதும் ஒரு தடவை சோதியுங்கள். காலையில் மட்டும் பார்த்து 'ஸ்கேபுலா சரி' என்று எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

சோதனை இது. சட்டையைக் கழற்றி முதுகு தெரிய நிறுத்துங்கள். ஸ்கேபுலாவின் உள்விளிம்பையும் கீழ்முனையையும் பென்சிலால் குறியுங்கள். இரண்டு கைகளிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கொடுத்து, மூன்று எண்ணும் நேரத்தில் தூக்கி மூன்று எண்ணும் நேரத்தில் இறக்கச் சொல்லுங்கள், ஐந்து முறை. தூக்கும்போது நன்றாக இருக்கும் ஸ்கேபுலா இறக்கும்போது விளிம்பு தூக்கிக்கொண்டு வெளியே துருத்துவது சகஜம். எனவே இறக்கத்தைக் கவனியுங்கள். இதில் எல்லோரும் விடும் தவறு, கை உயர்ந்த பிறகும் பென்சில் கோட்டையே எலும்பு என்று நினைப்பது. தோல் நகராது, எலும்பு அதற்கடியில் வழுக்கிப் போய்விடும். ஒவ்வொரு நிலையிலும் விரலால் மறுபடி தேடி, புதிய கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் அளவு.

இனித் தொட்டறிதல். ஸ்கேபுலாவின் முதுகு மேட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகப் போனால் அக்ரோமியானின் பின்மூலை வரும். அதன் ஓரத்தைச் சுற்றி முன்மூலைக்கு வாருங்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கி, முன்கையைச் சற்றே உள்ளே திருப்பி வைத்தால், முன்மூலைக்குக் கீழே ஹியூமரஸில் ஒரு பள்ளம் நேர் முன்னால் பார்க்கும். பைசெப்ஸின் நீளத் தலை ஓடும் பள்ளம் அது. விரலை அசைக்காமல் அவருடைய முன்கையை உள்ளும் வெளியுமாகத் திருப்பினால் பள்ளத்தின் இரு கரைகளும் விரலுக்கடியில் உருளும். உருளவில்லை என்றால் நீங்கள் டெல்டாய்டின் மேல் நிற்கிறீர்கள்.

கை சும்மா தொங்கும்போது சுப்ராஸ்பைனேட்டஸ் டெண்டனின் பெரும்பகுதி அக்ரோமியானுக்கு அடியில் ஒளிந்திருக்கும், தொட முடியாது. அவரைத் தன் பேன்ட்டின் பின்பாக்கெட்டில் உள்ளங்கையை வைத்து, முழங்கையைப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். ஹியூமரஸ் உள்ளே திரும்பிப் பின்னுக்குப் போவதால் டெண்டன் ஒட்டும் மேடு அக்ரோமியானின் முன்விளிம்பைத் தாண்டி வெளியே வரும். எலும்பு மாதிரியைக் கையில் வைத்து இதைச் செய்து பார்த்துவிட்டு, கை தொங்கும் நிலை ஒன்று, பின்பாக்கெட் நிலை ஒன்று என இரண்டு படம் நோட்டில் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. டெண்டன் எங்கிருந்து எங்கே போகிறது, மேலே எது மூடுகிறது என்பது சரியாக இருந்தால் போதும்.

இதை வரைந்தவருக்கு அல்ட்ராசவுண்டில் மனப்பாடம் செய்ய எதுவும் மிச்சமிருக்காது. ரேடியாலஜிஸ்ட் ஏன் நோயாளியின் கையை ஒவ்வொரு முறையும் வேறு நிலையில் வைக்கிறார் என்பது தானே புரியும். பைசெப்ஸுக்கு உள்ளங்கை மேல்நோக்கித் தொடைமேல், சப்ஸ்கேபுலாரிஸுக்கு முன்கையை வெளியே திருப்பி, சுப்ராஸ்பைனேட்டஸுக்குப் பின்பாக்கெட், இன்ஃப்ராஸ்பைனேட்டஸுக்குக் கை எதிர்த்தோளின் மேல். கடைசியாக ப்ரோப்பை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியின் முனை) அக்ரோமியான் ஓரத்தில் வைத்தபடி கையைத் தூக்கச் சொல்லி, டெண்டன் அடியில் வழுக்கிப் போகிறதா, திரண்டு நிற்கிறதா என்று பார்ப்பார். எம்ஆர்ஐயில் கிடைக்காத ஒன்று இது.

தோளுக்கு 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர்கோட்டு ப்ரோப். 12 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் உடம்புக்குள் சுமார் 0.13 மி.மீ.; 5-ல் 0.3 மி.மீ. அலைநீளம் குறையக் குறைய நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். ஒல்லியான நீச்சல்காரரின் தோளுக்கு ஆழத்தை 3 அல்லது 4 செ.மீ.யில் வையுங்கள். 8 செ.மீ.யில் விட்டால் திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் எல்லாம் நசுங்கிக் கிடக்கும்.

புதியவர்கள் கண்டுபிடிக்கும் 'கிழிசல்'களில் பெரும்பாலானவை கிழிசல் அல்ல. டெண்டன் இழைகள் ஒலிக்கற்றைக்குச் செங்குத்தாக இருக்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். சில டிகிரி சாய்ந்தாலே கறுத்துவிடும். அனிசோட்ரோபி என்பது இதுதான். சுப்ராஸ்பைனேட்டஸ் எலும்பில் ஒட்டும் இடத்தில் இழைகள் வளைந்து இறங்குகின்றன, உண்மையான கிழிசல்கள் வரும் இடமும் அதுவே. கறுப்பு தெரிந்தால் ப்ரோப்பின் ஒரு முனையை அழுத்தி மறுமுனையைத் தளர்த்தி ஆட்டிப் பாருங்கள். வெளுத்துவிட்டால் அது ப்ரோப்பின் கோணம். எப்படி ஆட்டினாலும், 90 டிகிரி திருப்பி வைத்தாலும் அதே இடத்தில் கறுப்பு நின்றால்தான் கிழிசல் என்ற பேச்சுக்கே இடம். எம்ஆர்ஐயிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு: காந்தப்புலத்துக்கு 55 டிகிரி சாய்வில் ஓடும் டெண்டன், டி1, புரோட்டான் டென்சிட்டி என்ற, எக்கோ நேரம் (சிக்னலைப் பிடிக்கும் முன் காத்திருக்கும் நேரம்) குறைவான எம்ஆர்ஐ பட வகைகளில் பொய்யாக வெளுக்கும். எக்கோ நேரம் நீண்ட டி2 படத்தில் அந்த வெளுப்பு மறைந்தால் டெண்டன் நலம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கையடக்க அல்ட்ராசவுண்ட் இப்போது பைக்குள் அடங்குகிறது என்பதற்காக அதைத் திடலுக்கோ கரைக்கோ எடுத்துப் போகாதீர்கள். கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயந்திரமும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் தோளைத்தான் பார்த்தீர்கள் என்பது பதிவில்லாத இடத்தில் பதிலாகாது. பதிவு பெற்ற ஸ்கேன் அறையில், தகுதி பெற்ற டாக்டர் பார்க்கும்போது அருகில் நின்று பழகுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் தொடங்கியதிலிருந்து மாவட்டத்துக்குள்ளேயே உடற்கூறியல் துறையும் ரேடியாலஜி துறையும் ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன. வெளி மாணவர்கள் துறைத்தலைவருக்கு எழுத்தில் விண்ணப்பித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

கணுக்கால்

கணுக்கால் பிசகலுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. வாலிபால் வலைக்கடியில் அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்குவது, மணலில் புதைந்திருக்கும் கல், வள்ளத்திலிருந்து குதிப்பது என்று எப்படி நடந்தாலும் வடிவம் ஒன்றுதான்: பாதம் கீழ்நோக்கி நீண்டு உள்ளே மடங்குகிறது. அந்த நிலையில் முதலில் இறுகுவது முன்பக்க டேலோஃபிபுலார் லிகமென்ட் (எலும்பை எலும்போடு கட்டும் பட்டை). பாதம் மேல்நோக்கி மடங்கியிருந்தால் சுமை குதிகால் எலும்பில் முடியும் கால்கேனியோஃபிபுலார் லிகமென்டுக்கு மாறும். எனவே எப்படி விழுந்தார் என்று அவரை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எக்ஸ்ரே வேண்டுமா என்பதற்கு 1992-ல் வெளியான ஒட்டாவா விதி இருக்கிறது. தனுஷ்கோடியிலோ மூக்கையூரிலோ அடிபட்டவரை டவுனுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும் இடத்தில் இதன் அருமை தெரியும். வெளிக்கணுவின் பின்விளிம்பிலோ முனையிலோ, கீழிருந்து 6 செ.மீ. உயரம் வரை, எலும்பின் மேல் அழுத்தினால் வலி. உட்கணுவில் அதேபோல் வலி. அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாமை. கணுப்பகுதியில் வலியோடு இந்த மூன்றில் ஒன்றிருந்தாலும் கணுக்கால் எக்ஸ்ரே. நடுப்பாதத்தில் வலி இருந்து, உட்பக்க நாவிகுலார் எலும்பிலோ சுண்டுவிரலுக்குப் போகும் ஐந்தாம் மெட்டாடார்சலின் அடியிலோ அழுத்த வலி, அல்லது அதே நான்கு அடி முடியாமை இருந்தால் பாத எக்ஸ்ரே.

விதி எளிது. கை தவறும் இடங்கள் மூன்று. நொண்டிக்கொண்டு நடந்தாலும் ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை எடையை மாற்றிவிட்டால் அவர் நடந்தவர்தான். நொண்டினார் என்பதற்காக 'முடியவில்லை' என்று எழுதக் கூடாது. வீங்கியிருப்பது கணுவுக்கு முன்னே கீழே, லிகமென்ட் இருக்கும் இடம். அங்கே அழுத்தினால் யாருக்கும் வலிக்கும், அது எலும்பு வலியில் சேராது. விரலை ஃபிபுலாவின் பின்விளிம்பில் 6 செ.மீ.க்கு மேலிருந்து தொடங்கி, வலிக்காத இடத்திலிருந்து வலிக்கும் இடத்துக்குக் கீழ்நோக்கிக் கொண்டுவாருங்கள். மூன்றாவது, விதி செல்லாத ஆட்கள்: குடித்திருப்பவர், சர்க்கரையால் பாதம் மரத்தவர், வேறு பெரிய காயம் உள்ளவர். இவர்களுக்கு விதியை ஓரம் வைத்துவிட்டுப் படம் எடுக்க அனுப்புங்கள். எக்ஸ்ரே என்றதும் கதிர்வீச்சுப் பயம் வரும். கைகால் எக்ஸ்ரே ஒன்றின் அளவு சுமார் 0.001 மில்லிசீவெர்ட், மார்பு எக்ஸ்ரேயில் நூற்றில் ஒரு பங்கு.

எக்ஸ்ரேயில் மூன்று கோணம் கேளுங்கள்: நேர், பக்கம், காலை 15 முதல் 20 டிகிரி உள்ளே திருப்பி எடுக்கும் மார்ட்டிஸ். நேர்ப் படம் மட்டும் பார்த்தால் ஃபிபுலா, கணுக்கால் மூட்டின் அடியிலுள்ள எலும்பான டேலஸின் மேல் படிந்து வெளிப்பக்க இடைவெளியை மறைக்கும். மார்ட்டிஸில் டேலஸைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக ஓட வேண்டும். உட்பக்க இடைவெளி 4 மி.மீ.க்கு மேல் போனாலோ, மூட்டுக்கு 1 செ.மீ. மேலே அளக்கும் டிபியா, ஃபிபுலா இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் போனாலோ இரண்டு எலும்பையும் கட்டிவைக்கும் சின்டெஸ்மோசிஸ் மேல் சந்தேகம் வர வேண்டும். படுக்க வைத்து எடுத்த படத்தில் சாதாரணமாகத் தெரிவது, எடை போட்டு நின்று எடுத்தால் விரியலாம். உட்கணுவில் வலியும் இடைவெளியும் இருந்து கணுவில் முறிவு காணோம் என்றால் ஃபிபுலாவை முழங்கால் வரை தடவிக்கொண்டே போங்கள். முறிவு மேலே இருக்கக்கூடும். படத்தில் இல்லாத இடத்தை ரிப்போர்ட்டும் சொல்லாது.

முழங்கால்

எம்ஆர்ஐக்கு முன் கறிக்கடைக்குப் போங்கள். ஆட்டின் பின்னங்கால் ஒன்று வாங்கி, தொடை எலும்பின் நடுவிலும் கீழ்க்கால் எலும்பின் நடுவிலும் மட்டும் வெட்டித் தரச் சொல்லுங்கள். முழங்கால் மூட்டில் கத்தி படக் கூடாது என்று முதலிலேயே சொல்லாவிட்டால் பழக்கத்தில் துண்டு போட்டுவிடுவார். ஆட்டின் முழங்கால் நம்முடையதைப் போல முழுதாக நீளாது, மற்றபடி மூட்டுக்குள் குறுக்கே ஓடும் இரண்டு க்ரூஷியேட் லிகமென்ட்களும், பிறை வடிவக் குருத்தெலும்புத் திண்டுகளான இரண்டு மெனிஸ்கஸும் அப்படியே இருக்கும். கையுறை, 4-ஆம் எண் கைப்பிடியில் 22-ஆம் எண் பிளேடு. முதலில் எதையும் வெட்டாமல் மூட்டை மடக்கி, டிபியாவை முன்னால் இழுத்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பிறகு பட்டெல்லாவுக்கு (முழங்கால் சில்லு) கீழுள்ள டெண்டனைக் குறுக்கே அறுத்துப் பட்டெல்லாவை மேலே மடக்குங்கள். மஞ்சள் கொழுப்புத் திண்டை எடுத்தால் முன் க்ரூஷியேட் தெரியும். மூட்டை மடக்கி நீட்டும்போது அதன் முன் இழைகள் மடக்கத்திலும் பின் இழைகள் நீட்டத்திலும் இறுகுவதைக் கவனியுங்கள். மனித முழங்காலில் ஆன்டீரோமீடியல், போஸ்டீரோலேட்டரல் என்று படிக்கும் இரண்டு கட்டுகளின் நடத்தை அதுதான். இப்போது அதை அறுத்துவிட்டு மறுபடி டிபியாவை இழுங்கள். முழங்காலைச் சற்றே மடக்கி டிபியாவை முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மேன் சோதனையில் கைக்குக் கிடைக்க வேண்டிய உணர்வு எது என்பதை இதற்குமேல் எந்தப் பாடமும் சொல்லித்தராது. மிச்சத்தை ஆழமாகப் புதையுங்கள், மேசையை ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள்.

கபடியில் பாடிப் போகிறவர் கோட்டைத் தொட்டதும் காலை ஊன்றி உடம்பைத் திருப்புகிறார். முழங்கால் கொஞ்சமே மடங்கிய நிலை, உள்நோக்கிச் சரிவு, பாதம் தரையில் பூட்டியிருக்கிறது. யாரும் தொடாமலே 'டப்' என்ற சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம். கதை இப்படி இருந்தால் 20 முதல் 30 டிகிரி மடக்கத்தில் லாக்மேன் செய்யுங்கள். தொடை இறுகியிருந்தால் சோதனை பொய்யாக 'நல்லா இருக்கு' என்று சொல்லும். தொடைக்கடியில் சுருட்டிய துண்டு வைத்துத் தளர விடுங்கள். எக்ஸ்ரேயில் டிபியாவின் வெளிப்பக்க மேல்விளிம்பில் நகம் போலச் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் அது செகோன்ட் (Segond) முறிவு. சிறியது என்று விட்டுவிடாதீர்கள், முன் க்ரூஷியேட் கிழிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

எம்ஆர்ஐ அடுக்கைத் திறந்ததும் கிழிசலைத் தேடாதீர்கள். முதலில் இது எந்த வகைப் படம் என்று சொல்லுங்கள். தோலுக்கடியிலுள்ள கொழுப்பு வெள்ளை, மூட்டு நீர் கறுப்பு என்றால் டி1. நீர் வெள்ளை, கொழுப்பு கறுப்பு என்றால் கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்த படம், அது புரோட்டான் டென்சிட்டியாகவோ ஸ்டிர் (STIR) வகையாகவோ இருக்கும். எல்லா வகையிலும் கறுப்பாக இருக்க வேண்டியவை எலும்பின் புறணி, டெண்டன், லிகமென்ட், மெனிஸ்கஸ். டி1-ல் எலும்பு மஜ்ஜையும் முறிவுக் கோடும் நன்றாகத் தெரியும்; கொழுப்பை அணைத்த படத்தில் அடிபட்ட நீர்க்கோப்பு விளக்குப் போட்டதுபோல் எரியும்.

பிறகு ஒவ்வொரு அமைப்பையும் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தொடருங்கள். முன் க்ரூஷியேட் ஃபீமரின் வெளிக்குமிழின் உட்சுவரில் தொடங்கி டிபியாவின் முன்நடுவில் முடிகிறது. பக்கவாட்டுப் படத்தில் ஃபீமர் பள்ளத்தின் கூரைக் கோட்டுக்கு அது ஏறக்குறைய இணையாகவோ இன்னும் செங்குத்தாகவோ ஓட வேண்டும். படுத்துக் கிடந்தால், அலையலையாக இருந்தால், நடுவில் வெள்ளை மேகம் இருந்தால் கிழிசல். அது சரிசாய்வாக ஓடுவதால் ஒரே ஸ்லைஸில் முழுதாக விழாமல் போகலாம். ஒரு தளத்தில் காணோம் என்றால் மற்ற இரண்டிலும் தேடுங்கள். ஃபீமரின் வெளிக்குமிழிலும் டிபியாவின் வெளிப்பின் பகுதியிலும் சேர்ந்து மஜ்ஜை வெளுத்திருந்தால், டிபியா முன்னே வழுக்கியபோது இரண்டும் மோதிய தடம் அது. வீடியோவில் பார்த்த அசைவு எலும்பில் விட்ட கையெழுத்து.

மெனிஸ்கஸில் வெள்ளைக் கோடு எல்லாம் கிழிசல் அல்ல. கோடு மேல் அல்லது கீழ் மூட்டுப் பரப்பைத் தொட வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு ஸ்லைஸில். தொடாமல் உள்ளேயே நிற்கும் வெளுப்பு பெரும்பாலும் வயதின் தேய்மானம். இரண்டு இயல்பான அமைப்புகள் மாணவர்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கின்றன. வெளி மெனிஸ்கஸின் முன்முனையில் குறுக்கு லிகமென்ட் சேரும் இடமும், பின்முனையில் பாப்லிட்டியஸ் டெண்டன் கடந்துபோகும் இடைவெளியும் கிழிசல் போலவே தெரியும். அடுத்தடுத்த ஸ்லைஸில் தொடர்ந்தால் ஒன்று முன்பக்கம் குறுக்கே ஓடும், மற்றொன்று கீழிறங்கித் தசையாக மாறும்.

ஓட்டக்காரரின் கணைக்கால் எலும்பு (டிபியா) வலியைப் பற்றிச் சுருக்கமாக. உள்விளிம்பில் 5 செ.மீ.க்கு மேல் பரவலாக வலித்தால் ஷின் ஸ்பிளின்ட்; ஒரு விரல் நுனி அளவில் ஒரே இடத்தில் வலித்தால் ஸ்ட்ரெஸ் முறிவு என்று வைத்துக்கொண்டு ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், எம்ஆர்ஐயில்தான் முதலில் தெரியும். கணைக்கால் எலும்பின் முன்விளிம்பு, பாதத்தின் நாவிகுலார், ஃபீமரின் கழுத்து மூன்றிலும் சந்தேகம் வந்தால் 'பார்ப்போம்' என்று ஒரு வாரம்கூட விடாதீர்கள்.

நோட்டும் ஸ்கேன் சீட்டும்

ஒவ்வொரு கேஸுக்கும் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு நோட்டில் நீங்களே எழுதுங்கள்: படத்தின் வகை, பார்த்த அமைப்புகள், மாறுதல் எங்கே, அது எத்தனை தளத்தில் தெரிகிறது, அந்த மாறுதல் அவர் சொன்ன அசைவு வலியை விளக்குகிறதா. பிறகு ரிப்போர்ட்டைத் திறந்து வேறுபாட்டைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று வரும் கேஸ்களைத் தனியாக அடுக்கி வையுங்கள். திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியவை அவைதான்.

ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் "முழங்கால் வலி, எம்ஆர்ஐ" என்று இரண்டு வார்த்தை போட்டு அனுப்பினால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். இப்படி எழுதலாம்: "24 வயது, ஆண், வலது முழங்கால். 9 நாளுக்கு முன் கபடியில் காலை ஊன்றித் திரும்பும்போது சத்தம், இரண்டு மணி நேரத்தில் வீக்கம். லாக்மேன் இடதைவிட அதிகத் தளர்ச்சி, முடிவுப் பிடிப்பு இல்லை. வெளிமூட்டுக் கோட்டில் அழுத்த வலி. முன்பு அறுவை இல்லை, உடலில் உலோகம் இல்லை. கேள்வி: முன் க்ரூஷியேட் முழுக் கிழிசலா, வெளி மெனிஸ்கஸ் சேர்ந்து போயிருக்கிறதா?"

படத்தை சிடியாகவோ பென்டிரைவிலோ டைகாம் வடிவத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதில் வெளிச்சம், கறுப்பு எதையும் மாற்றிப் பார்க்க முடியாது, ஸ்லைஸை உருட்டவும் முடியாது. அப்படி வந்த படத்துக்குக் கருத்துச் சொல்லாதீர்கள். படிப்புக்காக வைத்துக்கொள்ளும் படத்துக்கு நோயாளியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருடையதும். டைகாமில் பெயரும் பிறந்த தேதியும் கோப்பின் தகவல்களுக்குள் இருக்கும், மென்பொருளில் பெயர் நீக்கும் வசதியைக் கொண்டு அழித்துவிடலாம். அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கும். தகவலை அழித்தாலும் அது போகாது, மேல்பட்டையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.